குருப்பட்டத்தை நாடிய சங்கீத வித்துவான்
ஷார்ல் குனோ (1818–1893)

பிரியதத்த மந்திரத்தை இலத்தீன் பாஷையில் பாடக் கேட்கும்போது நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஷார்ல் குனோவின் இராகமே. அதை இயற்றியவர் ஒருகாலத்தில் குருக்களின் அங்கியைத் தரித்துக் குருமடத்துப் பாடங்களைக் கேட்டவர் என்பதும், பிறகு நாடக மேடைக்கு எழுதியே பேர்பெற்றார் என்பதும் அநேகர் அறியாத சங்கதி.

குனோ 1818-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி பாரீஸ் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் சித்திரக்காரர். பிள்ளைக்கு ஐந்து வயது நிறையுமுன்னே அவர் இறந்துபோனார். விதவையான தாயார் பியானோ சொல்லிக்கொடுத்து இரண்டு ஆண்பிள்ளைகளையும் வளர்த்தாள். சங்கீதத்தால் வயிறு வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவள் நன்றாய் அறிந்தவள். ஆகையால் மகனும் அதே வழியில் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பையனின் மனதைத் திருப்பும்படி பள்ளித் தலைவரிடம் முறையிட்டாள். அவரும் சம்மதித்து, எஜிப்து தேசத்தில் விற்கப்பட்ட சூசையைப் பற்றிய ஒரு பாட்டின் வரிகளைக் கொடுத்து, இதற்கு இராகம் போடு பார்ப்போம் என்றார். பையன் சீக்கிரத்தில் போட்டுவந்து பாடினான். கேட்டவர் கண்ணீர் விட்டார். அதற்குமேல் தாயாரும் தடை சொல்லவில்லை.

1839-ல், மூன்றாம் முறை போட்டியிட்டு, உரோமைப் பரிசை வென்று உரோமாபுரிக்குப் போனார். அங்கே சிஸ்டின் சிற்றாலயத்தில் பலஸ்திரீனாவின் பாடல்களைக் கேட்டது அவருடைய வாழ்க்கையையே திருப்பியது. வாத்தியமின்றி மனிதக் குரல் மாத்திரமே எழும்பும் அந்த சங்கீதம் முதலில் அவருக்கு விசித்திரமாய்த் தோன்றிற்றாம். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபின் அதை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. இலக்கோர்தேர் சுவாமியாரின் பிரசங்கங்களும் அவர் உள்ளத்தில் பதிந்தன. மெண்டல்சோனின் சகோதரி ஃபான்னி, உரோமாபுரியில் தங்கியிருந்தபோது, பாக், பேத்தோவன் என்பவர்களின் படைப்புகளை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

1843-ல் பாரீஸுக்குத் திரும்பியதும் பாக் வீதியிலுள்ள பரதேச வேதபோதக சபைக் கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1776 முதல் புதுச்சேரி மிஷனுக்குக் குருக்களை அனுப்பிவந்த அதே சபைதான். பாடகர்களோ இரண்டு மூன்று ஆண்களும் ஒரு சிறுவனும். இவர்களை வைத்துக்கொண்டு பலஸ்திரீனாவையும் பாக்கையும் பாடவைத்தார். பங்கு ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. முறையீடு பங்குச் சுவாமியார் காதுக்கு எட்டியது. குனோ விட்டுக்கொடுக்கவில்லை. வேலையை வேண்டுமானால் விடுகிறேன், கோவிலில் மலிந்த பாட்டைப் பாடமாட்டேன் என்று உறுதியாய் நின்றார். கடைசியில் ஜனங்களே வழிக்கு வந்தார்கள். (பாடகர் குழுவை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) தூர தேசங்களுக்குப் புறப்படும் குருக்களை வழியனுப்பும் சடங்கில் பாடப்பட்ட பாட்டுக்கும் பிற்பாடு இராகம் அமைத்தவர் அவரே. அதன் வரிகளை எழுதிய தலே சுவாமியார் மைசூர் மிஷனில் உழைத்தவர்.

1847-ல் அதிமேற்றிராணியாரின் உத்தரவு பெற்று, அங்கி தரித்து, சேன் சுல்பீஸ் குருமடத்தில் வேதசாஸ்திரம் கேட்கத் தொடங்கினார். குரு என்றே கையெழுத்தும் போட்டார். ஆனால் சங்கீதம் அவரை விடவில்லை. 1848-ல் அங்கியைக் கழற்றிவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று பேசியவர்கள் உண்டு. அழைத்தல் இல்லாமல் பீடத்தில் நிற்பதைவிட, உண்மையை ஒப்புக்கொண்டு வெளியேறுவதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது. அப்போது அவருக்கு வயது முப்பது. கையில் தொழிலும் இல்லை, பேரும் இல்லை.

1851-ல் முதல் ஒபேரா சாஃபோ மேடையேறிப் பெரிதாய் ஓடவில்லை. மறு வருஷம் பியானோ ஆசிரியர் சிம்மர்மானின் மகள் ஆன்னாவை மணந்தார். 1722-ல் பாக் தொகுத்த நூலிலுள்ள முதல் பியானோப் பாடத்தின்மேல் தாமாகவே ஓர் இராகத்தைக் கட்டினார். அது 1853-ல் அச்சாயிற்று. பிரியதத்த மந்திரத்தின் சொற்களோடு அது வெளிவந்தது 1859-ல். அஸ்திவாரம் போட்டவர் லூத்தரன் சபையார், கோபுரம் எழுப்பியவர் கத்தோலிக்கர்! 1855-ம் வருஷம் அர்ச். செசிலியம்மாள் திருநாளன்று சேன் ஏஸ்தாஷ் கோவிலில் அவருடைய பாடற்பூசை முதன்முதல் முழங்கிற்று.

1859 மார்ச் 19-ந் தேதி அரங்கேறிய ஃபாவுஸ்ட் என்னும் ஒபேராவே அவரை உலகறியச் செய்தது. பசாசுக்கு ஆத்துமத்தை விற்ற பண்டிதனின் கதை அது. நாடகம் என்றாலே முகஞ்சுளிக்கும் பக்தர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் முடிவில் பசாசு வெல்லவில்லை. பாவத்தில் விழுந்த மார்கரீத் சிறையில் கடவுளைக் கூவி ஜெபித்து இரட்சிக்கப்படுகிறாள். 1883-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கு திறந்தபோது பாடப்பட்டதும் இதுவே. 1867-ல் ரோமியோ ஜூலியட் அதைவிட விரைவாய் வெற்றி பெற்றது. 9-ம் பத்திநாதர் குருப்பட்டம் பெற்ற ஐம்பதாம் ஆண்டான 1869-ல் அவருக்காக எழுதிய பவனி இசையை, 12-ம் பத்திநாதர் 1949-ல் வத்திக்கான் கீதமாக ஏற்படுத்தினார்.

1870-ல் யுத்தத்துக்குத் தப்பி இலண்டனுக்குக் குடும்பத்தோடு போனார். பிந்திய வருஷங்கள் அவர் சரித்திரத்தில் அழகான பக்கங்கள் அல்ல. மனைவி பாரீஸுக்குத் திரும்பிவிட, இவர் வெல்டன் என்னும் பாடகியின் வீட்டில் தங்கிவிட்டார். 1874-ல் உடலும் மனமும் நொந்து வீடு திரும்பியபோது, வேதசாட்சியைப் பற்றிய போலியூக்த் ஒபேராவின் கையெழுத்துப் பிரதியை அந்த அம்மாள் கொடுக்க மறுத்தாள். குனோ ஞாபகத்திலிருந்தே திரும்ப எழுதத் தொடங்கினார். பிறகுதான் பிரதி வந்து சேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டும், 1878-ல் அந்த ஒபேரா தோல்வியடைந்தது. பசாசின் நாடகம் பேர் வாங்கித் தந்தது, வேதசாட்சியின் நாடகம் கைவிட்டது. அவர் மனம் மிகவும் உடைந்தது. 1885-ல் அந்த அம்மாள் தொடுத்த மானநஷ்ட வழக்கில் பதினாயிரம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டதால், அவ்வருஷம் பர்மிங்காமில் தமது மரணமும் ஜீவியமும் என்ற பெரும் பாடல் அரங்கேறியபோது போய்க் கேட்கவும் முடியவில்லை.

மேடையை விட்டுக் கோவில் சங்கீதத்துக்கே அவர் திரும்பினார். 1889-ல் பேரப்பிள்ளை மொரீஸ் இறந்தான். அவனுக்காக ஒரு மரித்தோர் பூசை எழுதினார். 1893 அக்டோபரில், சேன் குலூவிலுள்ள வீட்டில், அதை வீட்டாருக்குப் பியானோவில் வாசித்துக் காட்டிய நாளிலேயே உணர்விழந்து சாய்ந்தார். 18-ந் தேதி உயிர் பிரிந்தது. மத்லேன் கோவிலில் அரசாங்க மரியாதையோடு அடக்கப் பூசை நடந்தது. அவர் விரும்பியபடியே, அவருடைய இராகம் எதுவும் இல்லாமல், கிரகோரியார் இராகத்தில் மாத்திரம் பாடினார்கள்.