வெண்டிரை சுமந்த சாமிக்கண்ணு வின்சென்ட்

அளவெட்டியில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், பாடசாலை முற்றத்தில் இரண்டு கம்பங்களிடையே வெள்ளை வேட்டியைக் கட்டிப் படங்காட்டினர். மற்றைப் பிள்ளைகளெல்லாம் திரையை நோக்கியிருக்க, நான் மாத்திரம் புறந்திரும்பிப் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களின் வரலாற்றைப் பின்னாளிற் படித்தபோது அவ்விரவே நினைவில் எழுந்தது.

கோயம்புத்தூரில் 1883 இற் பிறந்த அன்னார், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்தியப் புகையிரதப் பகுதியில் வரைபடம் எழுதும் ஊழியராயிருந்தார். பாரிசில் லூமியேர் சகோதரர் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுப் படங்காட்டியது 1895 இல். பத்தாண்டு கழித்து, 1905 இல், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் திருச்சியில் தம் பொறியையும் படச்சுருள்களையும் விற்க முற்பட்டார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அத்தகைய ஊழியர் ஒருவருக்கு அது பல்லாண்டு ஊதியம். வின்சென்ட் பணந்திரட்டி அவற்றை வாங்கினார், உத்தியோகத்தையுந் துறந்தார். யாழ்ப்பாணத்தார்க்கு உத்தியோகத்தின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

அப்பொறியின் நுட்பம் வியக்கத்தக்கது. சுருள் இடையறாது ஓடுமாயின் திரையில் மங்கலே தோன்றும். ஒவ்வொரு படமும் ஒரு கணம் அசையாது நிற்றல் வேண்டும். அடுத்தது வந்து அமையும் வரை மூடியொன்று ஒளியை மறைத்தல் வேண்டும். நொடிக்குப் பதினாறு படமளவில் கையாற் சுழற்றுவோன், தாளம் பிழையாத தவில்காரனை ஒத்தவன்.

இயேசுநாதர் சரிதப் படம் முதலியவற்றுடன் 'எடிசன் சினிமாட்டோகிராப்' என்னும் பெயர் தாங்கிக் கூடாரத்தோடு புறப்பட்டவர், வடக்கே பெசாவர் வரையும் கடல்கடந்து இரங்கூனுக்குஞ் சென்றார். மின்சாரமே இல்லாத ஊர்கள் பல. மழைக்கும் காற்றுக்கும் கூடாரம். தீக்கோ, எளிதிற் பற்றும் அக்காலச் சுருள். கைப்பொருள் முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்த மனிதர் எவ்வாறு உறங்கினாரோ!

1914 இற் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். 1933 இல் கல்கத்தாவிலே 'வள்ளி திருமணம்' பேசும்படத்தைத் தயாரிப்பதிலும் ஈடுபட்டார், டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார்.

புதுப்பொறி எதனையும் அவர் இயற்றவில்லை என்று நண்பரொருவர் குறை கூறினார். உண்மையே. ஆயினும் பாரிசு மண்டபத்துப் பொறியைப் புழுதிப் பொட்டலிலே இயங்கச் செய்தவரைக் கைத்திறனாளர் வரிசையில் வைக்கவே என் மனம் விழைகின்றது.

1942 இல் அவர் காலமானார். அரங்கு பின்னர் டிலைட் எனப் பெயர் மாறிற்று. முன்னுள்ள வீதி வெரைட்டி ஹால் வீதி என்றே வழங்குகின்றது.