பெர்த்தா அம்மையார் சென்ற வழி

ஜெர்மனி நாட்டின் தென்மேற்கே, கருங்காட்டு மலைத்தொடரின் வட விளிம்பில், மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் நகரம் அமைந்துள்ளது. பொன்னணிகள் செய்வதில் பெயர் பெற்ற நகரம் அது. அங்கே தச்சுத் தொழிலாலும் கட்டட வேலையாலும் பெரும்பொருள் ஈட்டிய ரிங்கர் என்பாருக்கு 1849ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள் ஒரு பெண் மகவு பிறந்தது. அம்மகவுக்குப் பெர்த்தா எனப் பெயரிட்டனர். ஆண் மகவை எதிர்நோக்கியிருந்த தந்தையார், இம்முறையும் பெண்ணே பிறந்தது என்னும் ஏமாற்றத்தைக் குடும்பத்து விவிலிய ஏட்டின் ஓரத்தில் குறித்து வைத்தார் என்பர். சில ஆண்டுகள் கழித்து அக்குறிப்பைப் படிக்க நேர்ந்த சிறுமியின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

பெர்த்தாவுக்கு இளமையிலேயே பொறிகளின்பால் ஈடுபாடு மிகுதி. நீராவி வண்டி எவ்வாறு ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவர் இன்பம் கண்டார். ஆனால் அக்காலத்தில் பெண்கள் உயர்கல்வி பெற வழியில்லை. அவர் பிறந்த பாடன் நாட்டின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு முறைப்படி கதவு திறந்தது 1900ஆம் ஆண்டில்தான். அப்பொழுது பெர்த்தா ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

1869ஆம் ஆண்டுக் கோடையில், பழமை வாய்ந்த மவுல்பிரான் மடத்தைக் காணச் சென்ற ஒரு குழுவில் பெர்த்தாவும் இருந்தார். குதிரை வண்டியில் நடந்த அவ்வுலாவின்போது கார்ல் பென்ஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். இரயில் எஞ்சின் ஓட்டுநரின் மகன் கார்ல். இரண்டாம் வயதிலேயே தந்தையை இழந்தவர். அன்னையின் உழைப்பால் கார்ல்ஸ்ரூவே தொழிற்கல்லூரியில் கற்றவர். குதிரையின்றித் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டுமென்பது அவருடைய கனவு. கையில் பொருளில்லாத அவ்விளைஞரின் கனவைப் பெர்த்தா தம் கனவாகவே ஏற்றுக்கொண்டார்.

கார்ல் 1871ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கூட்டாளியோ நம்பத்தக்கவராக இல்லை. அவருடைய பங்கை விலைக்கு வாங்கினாலன்றிப் பட்டறை நிலைக்காது என்னும் நெருக்கடி நேர்ந்தது. அந்நிலையில் பெர்த்தா தம் தந்தையாரிடம் சென்று, மணமாகும் முன்னரே தமக்குரிய சீதனத்தைக் கேட்டுப் பெற்றுக் கார்லின் கையில் கொடுத்தார். பட்டறை கார்லுக்கு உரியதாயிற்று. 1872ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் இருவரும் மணந்துகொண்டனர். மணமான பெண் தன் பொருளைத் தானே ஆள்வதற்கு அந்நாட்டுச் சட்டம் அன்று இடங்கொடுக்கவில்லை. ஆகவே சீதனத்தோடு சேர்த்துத் தம் எதிர்காலம் முழுவதையும் ஒரு பட்டறையில் வைத்து இழக்கத் துணிந்தார் என்றே கூறவேண்டும்.

தொடர்ந்து வந்தவை வறுமை மிக்க ஆண்டுகள். குழந்தைகள் பிறந்தனர், கடன் வளர்ந்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, உணவு முடிந்தபின், இன்னும் ஒருமுறை எஞ்சினை முயன்று பார்க்கலாமென்று கணவரை அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றார் பெர்த்தா. பன்முறை ஓட மறுத்த எஞ்சின் அன்றிரவு ஓடியது. நெடுநேரம் அதன் ஒலியைக் கேட்டவாறே இருவரும் நின்றிருந்தனர். அதற்குள் புத்தாண்டை அறிவிக்கும் கோயில் மணிகள் நகரெங்கும் ஒலிக்கத் தொடங்கின.

அவ்வெஞ்சினின் வழி வந்த வேறோர் எஞ்சினைத் தாங்கிய மூன்று சக்கர வண்டிக்கு 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் கார்ல் காப்புரிமை கோரினார். அதன் ஆற்றல் முக்கால் குதிரைத் திறன். வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் அளவு. அவ்வாண்டு சூலையில் மான்ஹைம் நகரத்தார் அதனைத் தெருவில் கண்டனர். கண்டார்களேயன்றி வாங்க முன்வந்தவர் இல்லை. குதிரை இருக்கும்போது இவ்வண்டி எதற்கு என்று பலர் எண்ணினர். வண்டியும் அதுவரை ஊரைச் சுற்றிச் சிறுதொலைவே ஓடியிருந்தது. பழுதானால் இழுத்துவரப் பட்டறையாட்கள் அருகிலேயே இருந்தனர். கார்லோ குறையின்றிச் செய்து முடிக்கும்வரை எதனையும் வெளியிட விரும்பாத இயல்பினர். ஒன்றைத் திருத்துவார், மறுபடியும் திருத்துவார். சீதனம் கரைந்துவிட்டது, ஆண்டுகளும் கழிந்துகொண்டிருந்தன. வண்டியின் தகுதியை உலகுக்குக் காட்டாவிடில் எல்லாம் வீணாகும் என்பதைக் கணவரைவிடப் பெர்த்தா அம்மையார் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். கோடை முதிர்ந்திருந்தது, பள்ளிகளுக்கு விடுமுறை. மூத்த மகன் ஆய்கனுக்கு வயது பதினைந்து. இளையவன் ரிச்சர்டுக்குப் பதினான்கு இன்னும் நிறையவில்லை. ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல அம்மையார் முடிவு செய்தார். இரயிலில் ஏறினால் எளிதாகச் சென்று சேரலாம். ஆனால் அவர் தேர்ந்தது அம்மூன்று சக்கர வண்டியை. கணவர் உறங்கிக்கொண்டிருக்கையில், விடியற்காலையில், ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்துவிட்டு, பிள்ளைகளும் தாமுமாக வண்டியை ஓசையின்றி வெளியே தள்ளிச் சென்று, வீட்டைக் கடந்தபின் சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினை ஓட்டினர் என்பர். சிறுமியரான கிளாராவும் தில்டேயும் வீட்டில் தங்கினர். கணவரிடம் கேட்டிருந்தால் இசைவு கிடைத்திராது என்பது அம்மையாருக்குத் தெரியும்.

மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அவர்கள் சென்ற வழி ஏறத்தாழ நூற்று நான்கு கிலோமீட்டர். சாலைகளோ குதிரை வண்டிகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் என அமைந்தவை. கல்லும் புழுதியும் நிறைந்தவை. வழிகாட்டும் படம் இல்லை. எரிபொருள் விற்கும் நிலையம் உலகில் எங்குமே இல்லை. ஹைடெல்பெர்க் வரை வண்டி நன்றாக ஓடியது. வீஸ்லொக் என்னும் சிற்றூரை அடைந்தபோது எரிபொருள் குறைந்துவிட்டது. துணிகளிலுள்ள கறையை நீக்குவதற்காக மருந்துக் கடைகளில் லிக்ராய்ன் என்னும் எண்ணெய் விற்பது வழக்கம். வண்டி ஓடியதும் அவ்வெண்ணெயினாலேயே. அம்மையார் ஊர் மருந்துக் கடைக்குச் சென்று அதனைக் கேட்டார். ஒரு துணியின் கறையை நீக்க இத்துணை எண்ணெய் எதற்கு என்று கடைக்காரர் வியந்திருப்பார். தம் கடை உலகின் முதல் பெட்ரோல் நிலையமாயிற்று என்பதை அவர் அப்போது அறிந்திருக்க இயலுமா?

எஞ்சினைக் குளிரச் செய்ய ஊற்றிய நீர் வெப்பத்தால் ஆவியாகி ஓயாது குறைந்துகொண்டிருந்தது. வழியில் கண்ட கிணறு, ஓடை, சத்திரம் எதனையும் விடாது பிள்ளைகள் இறங்கி ஓடி நீர் மொண்டு வந்தனர். ஓரிடத்தில் எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மற்றோரிடத்தில் மின்கம்பியின் உறை தேய்ந்து பொறி தவறியது. காலுறையைக் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி அக்கம்பியைச் சுற்றினார். இவற்றை எந்தப் பள்ளியும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் பட்டறையின் அருகிலேயே வாழ்ந்ததால் வந்த அறிவு அது. நெகிழ்ந்த சங்கிலியைச் சீராக்க ஒரு கொல்லரின் உதவியை நாடவேண்டியிருந்தது.

மேடுகள்தாம் பெருந்தொல்லை தந்தன. செங்குத்தான ஏற்றங்களில் எஞ்சினின் ஆற்றல் போதவில்லை. ஒருவர் திசை திருப்பும் பிடியைப் பற்றியிருக்க, மற்ற இருவரும் இறங்கி வண்டியைத் தள்ளினர். ஏறிய மேட்டிலிருந்து இறங்குவதோ அதனினும் அச்சம் தருவது. சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் மரக்கட்டைகள் உராய்ந்து உராய்ந்து தேய்ந்துபோயின. பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, நிற்குமோ நிற்காதோ என்று தெரியாத வண்டியில் மலைச்சரிவில் இறங்குவது எத்தகைய இடர்! பவுஷ்லாட் என்னும் ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரை அணுகி, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடித்துத் தருமாறு அம்மையார் வேண்டினார். பிற்காலத்து மோட்டார் வண்டிகளின் தடைகளில் பொருத்தப்பட்ட உறைக்கு அத்தோல்தான் முன்னோடி.

பகல் முழுதும் ஓடி, பொழுது சாய்ந்தபின் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்தனர். வண்டிக்கு விளக்கில்லை. இன்னும் சிறிது தாமதமாகியிருந்தால் இருளில் வழி தெரியாது திகைத்திருப்பர். உடலெல்லாம் புழுதியும் எண்ணெயும் படிந்திருந்தது. வந்து சேர்ந்த செய்தியை அம்மையார் கணவருக்குத் தந்தியில் தெரிவித்தார். அதுகாறும் கார்ல் பட்ட கவலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். மனைவி, மக்கள், பல்லாண்டு உழைப்பில் உருவான வண்டி ஆகிய யாவும் ஒரே நாளில் கண்மறைந்து போயிருந்தன அல்லவா? நகரத்தாரோ கூட்டங்கூட்டமாக வந்து அவ்விந்தை வண்டியைப் பார்த்தனர்.

சில நாள் கழித்து அவ்வண்டியிலேயே வேறொரு வழியாக மூவரும் மான்ஹைம் திரும்பினர். போக்கும் வரவுமாக ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் ஓடியிருந்தது. வழியில் கண்ட குறைகளை அம்மையாரும் பிள்ளைகளும் கார்லிடம் ஒளிக்காமல் எடுத்துரைத்தனர். மேடேறுவதற்கென மற்றொரு பல்சக்கர அமைப்பை அவர் சேர்த்தார். தடைக்கட்டைகளுக்குத் தோல் பொருத்தினார். அவ்வாண்டு மியூனிக் நகரில் நடந்த பொருட்காட்சியில் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டிலேயே அதற்கு வாங்குவோர் மிகுந்தனர். ஜெர்மானியர் சற்றுத் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டனர். 1899ஆம் ஆண்டில் பென்ஸ் தொழிற்சாலை 572 வண்டிகளைச் செய்து விற்றது. அன்றைய உலகில் வேறெந்த நிறுவனமும் அவ்வளவு மோட்டார் வண்டிகள் செய்யவில்லை.

பிற்காலத்தில் கார்ல் நிறுவனத்தின் நிருவாகத்தினின்று விலகி, குடும்பத்துடன் லாடன்பர்க் என்னும் அமைதியான ஊரில் குடியேறினார். ஆய்கனும் ரிச்சர்டும் தந்தையாருடன் சேர்ந்து அங்கே தொழில் நடத்தினர். வாழ்வின் இடர்மிக்க நாள்களில் மனைவி ஒருவரே தம்மோடு நின்றார் என்பதைக் கார்ல் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். அவர் 1929ஆம் ஆண்டு காலமானார். அம்மையார் அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.

1944ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அவருக்குத் தொண்ணூற்றைந்து வயது நிறைந்தது. கணவர் கற்ற கார்ல்ஸ்ரூவே கல்வி நிலையம், இளமையில் தமக்கு உயர்கல்வியின் கதவு அடைபட்டிருந்த அம்மூதாட்டியைத் தன் பெருமைக்குரிய மன்றத்து உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. இரண்டு நாள் கழித்து, உலகப்போரின் நடுவே, லாடன்பர்க்கிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவரும் பிள்ளைகளும் சென்ற வழியும் மீண்ட வழியும் 2008ஆம் ஆண்டில் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதையாக அறிவிக்கப்பட்டன. ஊர்தோறும் வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. வீஸ்லொக்கில் அம்மையார் எண்ணெய் வாங்கிய மருந்துக் கடையின் முன்னே, அந்நாளை நினைவூட்டும் ஒரு சின்னமும் எழுப்பப்பட்டுள்ளது.