புயலை முன்னறிந்த லஃபோன் சுவாமியார்



புயல் என்பது கடற்கரை மீனவர்களுக்கு நேரிடும் துன்பம் என்றே மலையடியில் வாழும் நாம் எண்ணியிருந்தோம். 2024-ம் வருடம் அந்த எண்ணம் போயிற்று. நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல் அவ்விடத்தைவிட்டு நகராமல் நின்றது. அது கொண்டுவந்த மழையில் மறுநாள் நம் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் சிறு பிள்ளைகள் உட்பட ஏழு பேரை மூடியது. ஆகையால், புயலின் வரவை முன்கூட்டி அறிந்து ஊருக்குச் சொன்ன ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

யூஜின் லஃபோன் சுவாமியார் 1837-ல் பெல்ஜியம் தேசத்து மோன்ஸ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே சேசு சபையில் சேர்ந்து, 1865-ல் கல்கத்தா அர்ச். சவேரியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். முன்பு நாடகக் கொட்டகையாயிருந்த இடத்தில் அக்கல்லூரி தொடங்கி ஐந்து வருடமே ஆகியிருந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது கல்கத்தாவின் துக்கம் ஆறவில்லை. 1864 அக்டோபர் 5-ந் தேதிப் புயலில் ஹூக்ளி நதிவழியே கடல் ஏறிவந்து, ஏறக்குறைய 50,000 பேர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். லஃபோன் சுவாமியார் கல்லூரி மாடியில் சில கருவிகளை வைத்துக்கொண்டு நாள்தோறும் காற்றையும் வெப்பத்தையும் குறித்துவந்தார். அக்கருவிகளில் முக்கியமானது காற்றின் கனத்தைக் காட்டும் பாரமானி. புயல் நெருங்கினால் அதிலுள்ள பாதரசம் இறங்கும். ஆனால் நம் உஷ்ண தேசத்தில் அது தினமும் இரண்டு முறை தானாகவே சிறிது ஏறி இறங்கும். இந்த வழக்கமான ஏற்றத்தாழ்வை அறியாதவன் புயலின் இறக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பான்? பிள்ளையின் நெற்றியைத் தினமும் தொட்டுப் பார்க்கும் தாய்க்குத்தானே காய்ச்சல் முதலில் தெரிகிறது! காற்றின் திசையும் ஒரு சாட்சி. பூமியின் வடபாதியில், காற்று முதுகில் படும்படி நின்றால் புயலின் நடுவிடம் ஏறக்குறைய நம் இடக்கைப் பக்கம் இருக்கும்.

ஒன்றும் நிகழாத நாட்களில் ஒருவர் மாடியேறிக் கணக்கெழுதுவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! 1867 நவம்பரில் அந்தக் கணக்கு பலன் தந்தது. பெரும் புயல் வருகிறதென்று அவர் உணர்ந்து அதிகாரிகளுக்கு அறிவித்தார். அநேகர் உயிர் தப்பினர். சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளாகிய நவம்பர் முதல் தேதி புயல் தாக்கியது. அதே புயலில் மாட்லா நதிக்கரையிலிருந்த கேனிங் துறைமுகம் பாழாயிற்று. அங்கே துறைமுகம் கட்டினால் கடல் கொண்டுபோகுமென்று 1853-லேயே ஹென்றி பிடிங்டன் எழுதியிருந்தார். சைக்ளோன் என்ற பெயரை உண்டாக்கியவரே அவர்தான். ஆயினும் கேட்பாரில்லை. அறிவிப்பவர் இருந்தால் மட்டும் போதாது போலும்.

அதன்பின் லஃபோன் சுவாமியாரின் வானிலைக் குறிப்புகள் கல்கத்தாவின் கத்தோலிக்க வார ஏடொன்றில் வெளிவந்தன.

அதே 1837-ல் ஸ்பெயின் தேசத்தில் பிறந்த மற்றொரு சேசு சபைக் குரு பெனிட்டோ வீனியெஸ். உலகத்தின் மறுபுறத்தில், கரிபியன் கடலிலுள்ள கியூபா தீவில் அவரும் இதே வேலையைச் செய்தார். 1870-ல் ஹவானா நகரத்து பெலென் கல்லூரி வானாய்வுக் கூடத்தை ஏற்ற அவர், உயரத்தில் இறகுபோல் விரியும் வெண்மேகங்களைக்கொண்டு புயல் இருக்கும் திசையை அறிந்தார். 1875 செப்டம்பர் 11-ந் தேதி பத்திரிகை மூலம் எச்சரித்தார்; இரண்டு நாளில் புயல் கியூபாவைத் தாக்கியது. இருவருக்கும் செயற்கைக் கோளும் இல்லை, வானொலியும் இல்லை.

லஃபோன் சுவாமியாரின் மற்ற அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் விஞ்ஞானச் சங்கத்தை நிறுவியபோது சுவாமியார் உற்ற துணையாயிருந்து அங்கே பிரசங்கங்கள் செய்தார். நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸி.வி. ராமன் பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்து பெரும்புகழ் பெற்றது அந்தச் சங்கத்திலேதான். சுவாமியார் 1908 மே மாதம் டார்ஜிலிங்கில் மரித்தார்.

நவம்பர் 2-ந் தேதி, மரித்த ஆத்துமாக்கள் தினத்தில், காலைப் பூசையை லஃபோன் சுவாமியாருக்காகவும், வ.உ.சி. நகரில் மாண்ட எழுவருக்காகவும் ஒப்புக்கொடுப்பேன். அடைமழைக் காலம் வந்துவிட்டது. மலைச்சரிவை ஒட்டிக் குடியிருப்போர், எச்சரிக்கை வந்த இரவுகளில் பாத்திரம் பண்டங்களைப் பார்த்துக்கொண்டு தாமதியாமல் பிள்ளைகளுடன் கோவிலுக்கு வந்துவிடுங்கள். எந்த மதத்தாராயினும் அண்டை வீட்டாரையும் அழைத்து வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

உங்கள் பங்குக் குரு