ஏவலாளர் கோங் சுன்

சீன தேசத்தில், கியாங்சு மாகாணத்தில், தாய் ஏரிக்கு மேற்கே யீஷிங் என்னும் ஊர் உள்ளது. அதனையடுத்த குன்றுகளில் ஊதா, சிவப்பு, வெளிர்மஞ்சள் நிறங்களில் ஒருவகைக் களிமண் பாறையாகவே கிடைக்கின்றது. அதனை வெட்டியெடுத்து, வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடத்தி, இடித்துச் சலித்து, நீர் விட்டுப் பிசைந்து, தேநீர்க் கெண்டி செய்கின்றனர். மேலே கண்ணாடி மெருகு பூசுவதில்லை. சுட்ட பின்னரும் நுண்ணிய துளைகள் எஞ்சுதலால், நாள்தோறும் ஊறும் தேயிலையின் மணத்தை அம்மண் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும். ஆதலின் தேநீர் முறையில் தேர்ந்தோர் ஒருவகைத் தேயிலைக்கு ஒரு கெண்டி என வைத்துக்கொண்டு, அதனை வெந்நீரால் மட்டுமே கழுவுவர். இக்கெண்டித் தொழிலுக்கு முதல் ஆசிரியராகப் போற்றப்படுபவர் ஒரு வீட்டு ஏவலாளர். கோங் சுன் என்பது அவர் பெயர். அவருடைய சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முற்காலத்துச் சீனர் தேயிலையை அடையாக அழுத்தி வைத்து, வேண்டும்போது பொடித்துக் கிண்ணத்தில் கலக்கிப் பருகினர். 1391-ஆம் ஆண்டில் மிங் வமிசத்து முதற் பேரரசர், இவ்வடைகளைச் செய்வதில் குடிகள் படும் பாட்டைக் கருதி, அரண்மனைக்குத் திறையாக உதிரித் தேயிலையே வந்தாற் போதும் என ஆணையிட்டார். அதன்பின் இலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்துப் பருகும் வழக்கம் பரவிற்று. அதற்கு மூக்கும் மூடியும் உடைய சிறு கலம் வேண்டியதாயிற்று.

கோங் சுன் பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் எழுதப்படவில்லை. ஏவலாளருக்கு யார் சாதகம் எழுதுவார்? அவருடைய எசமானர் வூ ஷி என்பவர். யீஷான் என்றும் அழைக்கப்பட்டவர். 1514-இல் அரசாங்க உயர் பரீட்சையில் தேறியவர். கல்வித் துறையில் அதிகாரம் வகித்தவர். அவர் படிப்பின் பொருட்டு யீஷிங்கை அடுத்த ஜின்ஷா விகாரையில் தங்கியபோது, பணி செய்ய இவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

அவ்விகாரையில் முதிய துறவி ஒருவர் இருந்தார். அவர் சாலும் தாழியும் வனையும் குயவரோடு பழகி, அவர்கள் மண்ணில் நயமானதைத் தெரிந்தெடுத்து, மேலும் கரைத்துத் தெளியவைத்துப் பிசைந்து, உருண்டையாக்கி, உள்ளே குடைந்து, மூக்கும் பிடியும் மூடியும் பொருத்தி, அக்குயவரின் சூளையிலேயே சுட்டெடுப்பார். எசமானர் ஏடுகளில் ஆழ்ந்திருக்கும் வேளைகளில் கோங் சுன் இதனை மறைவாக நின்று பார்த்தார். பார்த்துத் தாமும் செய்தார். நாமும் இளமையில் ஆலையில் நூற்பு யந்திரத்தருகே நின்று, கற்பிப்பாரின்றிக் கண்ணால் கண்டே தொழில் கற்றோம். ஆதலின் அவ்விளைஞர் எப்படிப் பார்த்திருப்பார் என்பது நமக்கு ஒருவாறு விளங்குகின்றது.

பிறர் கொடாததைக் கொள்ளலாகாது என்பது நம் பஞ்ச சீலத்துள் இரண்டாவது. அங்ஙனமாயின் கோங் சுன் செய்தது களவாகாதோ என அன்பர் சிலர் வினவக்கூடும். இது குறித்து நாமும் நெடுநேரம் எண்ணினோம். துறவியார் கைகழுவும் சாலின் அடியில் படிந்த வண்டலை எடுத்தே கோங் சுன் தம் முதற் கெண்டியைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, துறவியார் தம் கைகளை ஒளித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. அவரும் குயவரிடம் கண்டு கற்றவரே. ஊர்ச் சூளையில் பலர் காணச் சுட்டவரே. இளைஞர் மறைந்து நின்றது துறவியாருக்கு அஞ்சியன்று, ஏவலாளனுக்கு இவ்வேலை எதற்கு என்று கேட்பாருக்கு அஞ்சியே என்பது நம் கருத்து.

அவரிடம் கருவிகள் இல்லை. தேயிலைக் கரண்டியால் உட்புறத்தைக் குடைந்தார்; விரல்களால் வெளிப்புறத்தை அழுத்தி உருவாக்கினார். அதனால் அவர் கெண்டிகளின் மேல் விரல் ரேகை மங்கலாகத் தெரிந்ததென்றும், நிறம் பழைய இரும்பைப் போன்று கறுத்திருந்ததென்றும், 17-ஆம் நூற்றாண்டில் யீஷிங் கெண்டிகளைப் பற்றி நூல் செய்த ஜோ காவ்ச்சி எழுதினார். துறவியாரின் பெயர் அவருக்கும் கிடைக்கவில்லை.

கோங் சுன்னுக்குப் பின் தோன்றிய கைவினைஞருள் தலைசிறந்தவர் ஷி தாபின். அவர் தொடக்கத்தில் கோங் சுன்னைப் பின்பற்றிப் பெரிய கெண்டிகளே செய்தார். பின்னர் சென் ஜிரூ முதலிய அறிஞர்கள் தேநீரைப் பற்றிப் பேசக் கேட்டுச் சிறியனவற்றுக்கு மாறினார். ஏவலாளர் கையில் தொடங்கிய பொருள் புலவரின் மேசைக்கு உரியதாயிற்று.

பீகிங் நகரத்துச் சீன தேசிய அருங்காட்சியகத்தில் கோங் சுன் பெயர் பொறித்த கெண்டி ஒன்று உள்ளது. மரத்தின் முடிச்சைப் போன்று கரடுமுரடான உருவம். விகாரையில் நின்ற கிங்கோ மரத்தின் முடிச்சைப் பார்த்துச் செய்தது என்பர். 1928-இல் சூ நான்ச்சியாங் என்பவர் சூசோ நகரில் ஒரு கடையில் கண்டு வாங்கியபோது அதற்குரிய பழைய மூடி இல்லை. பூசணிக் காம்பு போன்ற மூடி ஒன்று செய்து பொருத்தப்பட்டது. ஓவியர் ஹுவாங் பின்ஹோங் அதனைக் கண்டு, மர முடிச்சுக்குப் பூசணிக் காம்பு பொருந்தாது என்றார். பின்னர் பெய் ஷிமின் என்னும் கைவினைஞர் முடிச்சு வடிவிலேயே வேறு மூடி செய்தளித்தார். ஆயினும் இக்கெண்டி கோங் சுன் செய்ததன்று, மிகப் பிற்காலத்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். அவ்வையத்தை மறைப்பது நமக்கு அழகன்று.

ஐயமற்றது வேறொன்று உண்டு. 1960-களில் நான்ஜிங் நகரருகே, 1533-இல் அடக்கம் செய்யப்பெற்ற வூ ஜிங் என்னும் அரண்மனை அதிகாரியின் கல்லறையைத் தோண்டியபோது, மேலே வளைந்த பிடியுடைய யீஷிங் கெண்டி ஒன்று கிடைத்தது. காலம் உறுதியாகத் தெரிந்தவற்றுள் அதுவே மிகப் பழையது. செய்தவர் பெயர் அதில் இல்லை. மெருகு பூசாத அதன் உடலில், ஒரே சூளையில் உடன் வைத்துச் சுட்ட சால்களிலிருந்து தெறித்த மெருகுத் துளிகள் ஒட்டியிருக்கின்றன.