ஓர் இசைத்தட்டு, ஒரு சின்ன 'காது', ஒரு துப்பாக்கிச் சூடு: யார் இந்த லீ மார்கன்?

பழைய ஜாஸ் இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் அதை உடனே போட்டுக் கேட்க மாட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இடையே ஒரு வெற்று வளையம் இருக்கும். அங்கே காது மடல் மாதிரி ஒரு சின்ன குறி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் விலை பல மடங்கு ஏறிவிடும்.

அப்படிக் காது பார்த்து வாங்கப்படும் தட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர், லீ மார்கன். அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர். 33 வயதில், தான் வாசித்துக்கொண்டிருந்த கிளப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். சுட்டது வேறு யாருமில்லை, அவர் உயிரைக் காப்பாற்றிய அதே பெண்தான்.

அக்கா கொடுத்த ட்ரம்பெட்

1938 ஜூலை 10-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர் லீ மார்கன். பதின்ம வயதில் அவர் கைக்கு ட்ரம்பெட் வந்தது அக்கா எர்னஸ்டின் மூலமாக. பள்ளியில் படிக்கும்போதே ஊரில் கச்சேரி செய்ய ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தின் பெரிய ட்ரம்பெட் கலைஞரான கிளிஃபோர்ட் பிரவுனிடம் நேரடியாகப் பாடமும் கற்றார். 1956 ஜூனில் பிரவுன் கார் விபத்தில் இறந்துபோக, அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்று ஜாஸ் உலகம் தேடியது.

அதே ஆண்டு, 18 வயதில், டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார் மார்கன். நவம்பர் 4-ம் தேதி 'ப்ளூ நோட்' நிறுவனத்துக்காக முதல் ஆல்பம் பதிவு செய்தார். அடுத்த நாளே 'சவாய்' நிறுவனத்துக்கு இன்னொரு ஆல்பம்! 19 வயதில் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' ஆல்பத்தில் வாசித்தார். 1958-ல் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவுக்குப் போய், 'மோனின்' ஆல்பத்தில் இடம்பிடித்தார். 20 வயதுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

அது என்ன 'காது'?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இசைத்தட்டு எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டுடியோவில் பதிவானது காந்த டேப்பில் இருக்கும். அதிலிருந்து ஒரு மூலத் தட்டில் ஊசியால் வரிகளை வெட்டுவார்கள். அதை வைத்து உலோக அச்சு செய்வார்கள். அந்த அச்சில் அழுத்தப்பட்டுத்தான் வினைல் தட்டு வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒலியில் கொஞ்சம் இழப்பு உண்டு. யார் வெட்டினார், எந்த டேப்பிலிருந்து வெட்டினார் என்பதெல்லாம் முக்கியம்.

ப்ளூ நோட்டின் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். தொழிலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக் ஊரில், பெற்றோர் வீட்டு ஹாலையே ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். 1959-ல் பக்கத்து எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டினார். பதிவு செய்ததோடு நிறுத்தாமல், மூலத் தட்டையும் அவரே வெட்டினார். வெற்று வளையத்தில் 'ஆர்.வி.ஜி.' என்றோ, பிற்பாடு 'வான் கெல்டர்' என்றோ முத்திரை இருக்கும்.

அந்தக் காது? தட்டுகளை அச்சிட்ட 'பிளாஸ்டிலைட்' ஆலையின் அடையாளம் அது. ஆங்கில 'பி' எழுத்தைச் சுழித்து எழுதியதுதான் பார்ப்பதற்குக் காது மாதிரி ஆகிவிட்டது. 1965-ல் ப்ளூ நோட், 'லிபர்ட்டி' நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிளாஸ்டிலைட்டோடு இருந்த தொடர்பும் முடிந்தது. ஆக, காது இருந்தால் அது பழைய நிர்வாகத்தின் காலத்தில் அச்சானது என்று அர்த்தம்.

லேபிளில் உள்ள முகவரியும் தேதி சொல்லும். தொடக்கத்தில் லெக்சிங்டன் அவென்யூ, அப்புறம் 47 மேற்கு 63-வது தெரு, 1960-களில் வெறும் நியூயார்க், யு.எஸ்.ஏ. மார்கனின் முதல் ஆல்பம் லெக்சிங்டன் லேபிளோடு, கீறல் இல்லாமல் கிடைப்பது ரொம்ப அபூர்வம். கிடைத்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள்.

அடகுக்குப் போன கோட்டு

தட்டுகளின் மதிப்பு இப்படி என்றால், அதை வாசித்தவரின் நிலைமை வேறு. ஹெராயின் பழக்கம் மார்கனைப் பிடித்துக்கொண்டது. 1961-ல் பிளேக்கியின் குழுவை விட்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்கே திரும்பினார். கிட்டத்தட்ட காணாமல் போனார் என்றே சொல்லலாம்.

திரும்பி வந்தபோது, 1963 டிசம்பர் 21-ம் தேதி பதிவானதுதான் 'தி சைட்வைண்டர்'. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் தலைப்புப் பாடல், காலைத் தாளம் போட வைக்கும் ரகம். முதலில் அச்சிட்ட சுமார் 4,000 பிரதிகள் சில நாள்களிலேயே தீர்ந்துபோயின. ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 25-வது இடம் வரை போனது. கிரைஸ்லர் கார் விளம்பரத்தில் அந்த இசை ஒலித்ததைப் பார்த்து மார்கனே ஆச்சரியப்பட்டார். ஏனென்றால், யாரும் அனுமதி கேட்கவில்லை!

இந்த வெற்றியே இன்னொரு சுமையாகவும் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆல்பத்திலும் அதே மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. 1964 பிப்ரவரியில் பதிவான, முற்றிலும் வேறு மனநிலை கொண்ட 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' 1966 வரை வெளிவராமல் காத்திருந்தது.

போதை மறுபடியும் அவரைத் தள்ளியது. 1960-களின் பிற்பகுதியில், ஒரு குளிர்கால இரவில், நியூயார்க்கில் ஹெலன் மூர் என்ற பெண்ணின் வீட்டுக்கு வந்தார். இசைக்கலைஞர்களுக்குச் சமைத்துப் போடும் வீடு அது. மார்கன் மேல் கோட்டுகூட இல்லை. அடகு வைத்துவிட்டிருந்தார். ஹெலன் பணம் கொடுத்து அதை மீட்டார்.

மார்கனைவிட 12 வயது மூத்தவர் ஹெலன். அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார், கச்சேரி பேசினார், சம்பளம் வாங்கினார், நேரத்துக்கு மேடைக்குக் கூட்டிப்போனார். முறைப்படி திருமணம் ஆகவில்லை, ஆனாலும் மார்கன் என்ற பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மார்கன் மீண்டார். 1970 ஜூலையில் கலிபோர்னியாவின் லைட்ஹவுஸ் கிளப்பில் பதிவான நேரடிக் கச்சேரி அதற்குச் சாட்சி. டிவியில் கறுப்பினக் கலைஞர்களின் இசைக்கு இடம் கேட்டு நடந்த போராட்டங்களிலும் கலந்துகொண்டார்.

அந்த பனி இரவு

1972 பிப்ரவரி 18. நியூயார்க்கின் கிழக்கு 3-வது தெருவில் இருந்த 'ஸ்லக்ஸ்' கிளப்பில் மார்கனின் கச்சேரி. வெளியே கடும் பனி. மார்கனுக்கு வேறொரு பெண்ணுடன் நட்பு ஏற்பட்டிருந்தது. அன்று இரவு கிளப்புக்கு வந்த ஹெலனுக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியது. தன்னை வெளியே தள்ளிவிட்டார் என்றும், அப்போது தன் மேல் கோட்டு இல்லை என்றும் ஹெலன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். உள்ளே திரும்பி வந்தவர், பையில் இருந்த துப்பாக்கியால் சுட்டார். பனியால் ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமானது. ரத்தம் வெளியேறி 19-ம் தேதி அதிகாலை மார்கன் இறந்தார்.

சிறைக்குப் போன ஹெலன், வெளியே வந்ததும் சொந்த மாநிலமான வட கரோலினாவுக்குத் திரும்பி, தேவாலயப் பணிகளில் தன்னை ஈடுபடுத்திக்கொண்டார். 1996-ல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், நடந்ததை எல்லாம் ஒரு கேசட்டில் பேசிப் பதிவு செய்தார். 2016-ல் வெளியான 'ஐ கால்டு ஹிம் மார்கன்' ஆவணப்படத்துக்கு அந்தக் குரல்தான் முதுகெலும்பு.

அப்போ, எதை வாங்கலாம்?

ஒரு பழைய தட்டு இன்று கைமாறும்போது வரும் பணத்தில் கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ பங்கு கிடையாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கணக்கு அது. மார்கன் உயிரோடு இருந்தபோது கோட்டை அடகு வைத்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

கேட்பதற்குத்தான் என்றால் அசல் பதிப்பு கட்டாயமில்லை. மூல டேப்பிலிருந்து நன்றாக வெட்டப்பட்ட மறுபதிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. அசல்தான் வேண்டும் என்பவர்கள் அட்டையை நம்பி வாங்கக் கூடாது. பழைய அட்டைக்குள் பிந்தைய தட்டு இருப்பது சகஜம். முகவரி, முத்திரை, காது மூன்றையும் படத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டில் எதைப் போட்டாலும், 25 வயதில் விட்ட இடத்திலிருந்து எழுந்து வந்த ஒருவரின் மூச்சுதான் 'தி சைட்வைண்டர்' தட்டில் இருக்கிறது.