வேப்பங்கொட்டைக் கசப்பை பாட்டிலில் பிடித்தவர்: யார் இந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கி?

உத்திரமேரூர் பக்கம் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டினால், மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னாடி வேப்பங்கொட்டையைத் தேடும் விவசாயிகள் இப்பவும் உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் தெளிப்பார்கள். ஏன் சாயங்காலம்? வெயில் பட்டால் கரைசலின் வீரியம் சீக்கிரம் போய்விடும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் இதே 5 சதவீதக் கரைசல்தான்.

வேம்பு இருந்தால் பூச்சி அண்டாது என்பது நம்ம பாட்டிகளுக்கே தெரியும். ஆனா அந்தக் கசப்புக்குள் என்னென்ன இருக்கு? அதைத் தேடி ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தவர்தான் சித்திக்கி.

ஓவியர், தத்துவ மாணவர், வேதியியலாளர்

1897 அக்டோபர் 19-ல் லக்னோவுக்குப் பக்கத்தில் உள்ள பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தவர். அலிகரில் படித்தது தத்துவமும் பாரசீகமும். மருத்துவம் படிக்க லண்டன் போனவர், அதை விட்டுவிட்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் வேதியியலில் சேர்ந்து 1927-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நடுவில் அங்கேயே தன் ஓவியங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார்.

டெல்லியில் ஆயுர்வேத, யுனானி மருந்துகளை ஆராய ஓர் ஆய்வகம் வேண்டும் என்று ஹக்கீம் அஜ்மல் கான் ஆசைப்பட்டார். அந்தப் பொறுப்பு சித்திக்கியிடம் வந்தது. 1931-ல் சர்ப்பகந்தா வேரிலிருந்து அவர் பிரித்த பொருளுக்கு, அதற்குள் காலமாகியிருந்த ஹக்கீமின் பெயரையே வைத்தார்: அஜ்மலின். இதயத் துடிப்புக் கோளாறு தொடர்பாக டாக்டர்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

வேம்பின் பக்கம் திரும்பியபோது

1942-ல் வேப்பெண்ணெயை ஈதர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் பிரித்துப் பிரித்து, மூன்று கசப்புப் பொருட்களைத் தனியாக எடுத்தார்: நிம்பின், நிம்பினின், நிம்பிடின். சும்மா வீட்டு வைத்தியமாக இருந்த வேம்பை உலக வேதியியலாளர்கள் கவனிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பூச்சியை முக்கியமாகத் தடுப்பது இந்த மூன்றும் இல்லை, அசாடிராக்டின். அதை 1968-ல் இங்கிலாந்தில்தான் பிரித்தார்கள், வெட்டுக்கிளிகளை வைத்துச் சோதித்து. (வேம்பின் அறிவியல் பெயரில் வரும் அசாடிராக்டா, பாரசீகத்தில் சுதந்திர மரம். பாரசீகம் படித்த சித்திக்கிக்கு இது பொருத்தமாகவே இருந்திருக்கும்.)

அசாடிராக்டின் பட்ட இலையைப் புழு சாப்பிடத் தயங்கும். மீறிச் சாப்பிட்டால், தோலுரிக்க வைக்கும் ஹார்மோன் குழம்பிவிடும். பழைய தோலைக் கழற்ற முடியாமல் வளர்ச்சி நின்று சாகும். அதனால்தான் தெளித்த மறுநாளே புழு கொட்டாது. கரைசல் வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு அடுத்த விஷத்தை வாங்கி அடிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கராச்சிக்குப் போனவர்

பிரிவினைக்குப் பிறகும் இந்தியாவில் இருந்த சித்திக்கி, பிரதமர் லியாகத் அலி கான் அழைப்பில் 1951-ல் பாகிஸ்தான் போனார். அங்கே தேசிய ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார், 1961-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். எண்பது வயதைத் தாண்டியும் வேம்பை விடவில்லை. எல்லை தாண்டிப் போனதாலோ என்னவோ, வேப்பமரத்தைக் கொண்டாடும் நம்ம ஊரில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

1994 ஏப்ரல் 14-ல் கராச்சியில் காலமானார், வயது 96. அதே ஆண்டு செப்டம்பரில், வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை கொடுத்தது. இது இந்திய விவசாயிகள் ஏற்கெனவே செய்துவந்ததுதான் என்று வழக்குப் போட்ட பிறகு 2000-ல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி.