தண்ணீருக்காக ஊர் ஊராக நடந்த பெரியவர்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியாக ஓடுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையோரக் கிணறுகளில் ஊற்று பெருகும். கிணறு நன்றாக இருந்தால் வயலும் வாழும், வீடும் வாழும். செங்கத்து உழவருக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்தத் தண்ணீருக்காகவே, காவிரிக் கரையில் ஊர் ஊராகப் போய்ப் பேசி, பிரசாரத்தின் நடுவிலேயே உயிர் விட்டார் ஒரு பெரியவர்.

அவர்தான் கோ.நம்மாழ்வார்.

வேலையை உதறினார்

1938-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, தஞ்சை மாவட்டம் இளங்காடு கிராமத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் பெற்றார். 1963-ல் கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

கோவில்பட்டி வானம் பார்த்த பூமி. அங்கே, காசு கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் வைத்து ஆராய்ச்சி நடந்தது. மழையை நம்பி வாழும் ஏழை உழவனுக்கு இது உதவாது என்று அவருக்குப் பட்டது. 1969-ல் வேலையை உதறினார். பிற்காலத்தில் இயற்கை விவசாயத்தைச் சொல்லிக் கொடுப்பதே அவருடைய தொழிலாயிற்று.

2004-ல் சுனாமி வந்தது. நாகை மாவட்டத்து வயல்களில் உப்பு ஏறியது. அந்த நிலங்களைத் திருத்த உழவர்களுக்கு வழிகாட்டினார். உப்பு ஏறிய மண் என்ன பாடுபடும் என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

பூமிக்குள் என்ன நடக்கும்?

2010-ல், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் மீத்தேன் எரிவாயு எடுக்க ஒரு கம்பெனிக்கு மத்திய அரசாங்கம் அனுமதி கொடுத்தது. பரப்பளவு 691 சதுர கிலோமீட்டர்.

பூமிக்குள் நிலக்கரி படிந்து கிடக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தால் வாயு அதோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றினால் வாயு பிரிந்து மேலே வரும்.

வெளியே வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்பு நீர். அது வாய்க்காலில் கலந்தால் பயிர் கருகும். நிலத்தடி நீர் இறங்கினால், கடல் அருகே உள்ள ஊர்களில் உப்பு நீர் உள்ளே புகும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போகும்.

நம்மாழ்வார் சும்மா இருக்கவில்லை. வெண்தாடியும் பச்சைத் துண்டுமாக ஊர் ஊராகச் சென்றார். உழவர்களைக் கூட்டி எடுத்துச் சொன்னார். 2013 ஜூலையில் மாநில அரசாங்கம் திட்டத்தை நிறுத்திவைத்து, நிபுணர் குழு அமைத்தது. ஆனாலும் அவர் ஓயவில்லை.

கடைசிப் பயணம்

2013 டிசம்பர் 30-ந் தேதி. பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டி கிராமம். பிரசாரத்துக்கு வந்த இடத்தில் அவர் காலமானார். வயது 75. கரூர் மாவட்டம் கடவூர் அருகே, தாம் அமைத்த வானகம் பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார்.

2015-ல் மாநில அரசாங்கம் மீத்தேன் திட்டத்தை நிராகரித்தது.

ஆனால் தொல்லை தீரவில்லை. 2017 ஜூன் 30-ந் தேதி, கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. கச்சா எண்ணெயில் பென்சீன் என்ற நஞ்சு உண்டு. குடிதண்ணீரில் கலந்து நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும்.

2020-ல் சட்டம் வந்தது. காவிரிப் படுகையின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை. ஆனால் முன்பே இருந்த கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை.

சட்டம் வந்ததைப் பார்க்க அவர் இல்லை. பழைய கிணறுகளைக் கண்காணிக்கும் வேலை, தண்ணீர் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.